விலாசம் போடலாமா?

ஆராய்ச்சி என்றால் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் செய்வதுதான், தமிழிலும் சரித்திரத்திலும் நடப்பதெல்லாம் ஏற்கெனவே இருப்பதை எடுத்து அடுக்கும் வேலை என்று உறவினர் ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகள் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேரப்போகிறேன் என்கிறாள், அந்தக் கவலை. காரைக்குடிப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்புதான். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட செக்ரியின் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மதிலைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போனவர்கள் நாங்கள். ஆராய்ச்சி என்ற சொல்லோடு எங்களுக்கு வருகிற படம் அந்த ஆய்வகம்தான். அதே ஊரில்தான் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கி, ஒரே ஒரு கவிஞனின் ஒரு பாட்டுக்கு எத்தனை பொருள், எத்தனை பாடபேதம் என்று ஊரே உட்கார்ந்து கேட்கும்படி செய்தார். அதை நாங்கள் விழா என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

பந்தியில் கேட்ட அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. மருத்துவம், இலக்கியம், வரலாறு மூன்றிலும் ஒருவர் 'ஆராய்ச்சி செய்கிறேன்' என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் ஒரே வேலைதான் இருக்கிறதா? இதற்கு விடை தேடி நான் எந்தப் புத்தகத்துக்கும் போகவில்லை. எங்கள் வீட்டு உள்ளறையில் இருந்த ஒரு தகரப்பெட்டியைத் திறந்தபோது, அதில் இருந்த ஒரு பேரேட்டை வைத்து மூன்று துறைக்காரர்கள் எங்கள் பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு ஒரு சிறிய விஷயத்தில் போய் முட்டிக்கொண்டது. ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எங்கள் விலாசத்தை, அதாவது எங்கள் கடைப் பெயரின் எழுத்துகளை, போடலாமா, கூடாதா?

ஆங்கீரச ஆண்டுப் பேரேடு

வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்யும் ஒரு பெண், தேவகோட்டைக்காரர், பர்மாவில் நம்மவர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், நடத்திய வட்டிக்கடைகளின் கணக்குகளைத் தேடிக்கொண்டு வந்தார். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கீழ்ப் பர்மாவில் கடை வைத்திருந்தவர். 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கான பேரோடு அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே வந்தார் என்பது எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்க்கிற கதை. கணக்குகள் மட்டும் தப்பித்ததற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷத் தவணை முடிந்து ஊர் திரும்புகிற மேலாள், கடையை அங்கே நடத்தியவர், கணக்கைக் கொண்டுவந்து இங்கே ஒப்படைக்க வேண்டும். அப்படி முன்பே வந்துசேர்ந்த பேரேடுகள்தான் பெட்டிக்குள் இருந்தன.

நீளவாக்கில் தைத்த கணக்குப் புத்தகம். சிவப்புத் துணி அட்டை பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, சிவமயம், ஆங்கீரச வருஷம். அதாவது 1932-33. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள், காலும் அரையும் மாகாணியும் கூடத் தமிழ்க் குறிகளில். கூட்டெழுத்து வேறு. எனக்கு ஒரு வரி படிப்பதே பாடாக இருந்தது. அந்தப் பெண் விரலால் தொடாமல், ஒரு அட்டைத் துண்டை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார். ஒரு தலைப்பில் நின்றார். பர்மாக்காரர் ஒருவரின் பெயர், மவுங் என்று தொடங்குவது, நம் எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்தில் அவர் ஊர். கீழே கடன், நடப்பு வட்டி, அறுப்பு முடிந்ததும் அவர் செலுத்திய தொகை. முந்திய ஆண்டு பாக்கி மேலே கொண்டுவரப்பட்டிருந்தது. பங்குனியில் ஒரே ஒரு வரி: நிலம் கிரயத்தில் வரவு. அத்தோடு கணக்கு நேர்.

அவர் அடுத்த பேரேட்டை எடுத்தார். ஸ்ரீமுக ஆண்டு. குத்தகைப் பட்டியல். அதே பெயர், அதே ஊர். போன வருஷம் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், இந்த வருஷம் அதே நிலத்துக்குக் குத்தகைக்காரர்.

பர்மாவில் நம்மவர்கள் நிலம் வாங்கிய கணக்கு எனக்குத் தெரியாததல்ல. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1930-களின் கடைசியில் அது 25 சதவீதம். இடையில் நடந்தது உலகப் பெருமந்தம். நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது, கடன் அடைபடவில்லை, நிலம் கைமாறியது. இந்த எண்களைப் பல கட்டுரைகளில் படித்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். ஐயாவின் கடைக் கணக்குப்பிள்ளை கையெழுத்தில், ஒரு மனிதரின் பெயரை இரண்டு பேரேடுகளில் அடுத்தடுத்துப் பார்த்தபோது அப்படிப் போக முடியவில்லை. எங்கள் வீட்டுக் கதையில் 1942-இல் நாங்கள் நிலத்தை விட்டுவிட்டு வந்தோம். அந்த நிலம் பத்து வருஷத்துக்கு முன்னால் யாரிடமிருந்து வந்தது என்று எங்கள் கதையில் யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு எங்களுக்கு ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

பெரியப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் கிளம்பும்போதுதான் பேசினார். "நல்லாப் படிங்க ஆத்தா, எழுதுங்க. விலாசத்த மட்டும் போட்றாதீக. எங்க ஐயா பேரு அது."

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. விலாசம் என்று நாங்கள் சொல்வது கடையின் பெயர் எழுத்துகளை, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து வைப்பது. அதை வைத்துத்தான் ரங்கூனிலும் பினாங்கிலும் உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) செல்லுபடியானது. அந்த எழுத்துகளுக்குக் களங்கம் வந்துவிடக் கூடாது என்றுதான் ஒரு தலைமுறையே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தது. பெரியப்பாவின் பயம் வெறும் வீம்பு அல்ல.

"ஐயா, விலாசம் இல்லாம இந்தப் பக்கத்த நான் எப்படிச் சான்றாக் காட்டுறது?" என்றார் அந்தப் பெண். "நான் படிச்சது தப்புன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லணும்னா, அவரும் இதே பேரேட்ட எடுத்துப் பாக்கணும்ல?"

நம்பர் போட்டுவிடுவோம்

என் அண்ணன் மகள் அப்போது வீட்டில் இருந்தாள். மருத்துவ மேற்படிப்பில் சமூக மருத்துவம் படிக்கிறாள். சுற்றுவட்டார ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு உள்ள இரத்தசோகை பற்றி ஆய்வு. அவளுக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. "இதுக்கா சித்தப்பா இவ்வளவு? பேர எடுத்துட்டு நம்பர் போட்டா முடிஞ்சுது. எங்களுக்குப் பேர் எழுதுனாத்தான் நெறிமுறைக் குழுவுல கேள்வி வரும்."

அவள் வேலையைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கர்ப்பிணியின் வீட்டுக்குப் போனால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறாள். அந்தப் பெண் காப்பி கொடுக்கிறாள், மாமியாரைப் பற்றிச் சொல்கிறாள், முதல் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று சொல்கிறாள். ஆய்வேட்டில் இவை எதுவும் போகாது. ஒரு எண், வயது, எத்தனையாவது பிரசவம், ஹீமோகுளோபின் அளவு. முதலில் இதைக் கேட்டபோது எனக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு யோசித்தால், பெயரை எடுத்துவிட்டதால்தான் அந்த ஆய்வு அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறது, அதே காரணத்தால்தான் அவளைத் தாண்டியும் போகிறது. அவளுக்கு உண்மையாக இருப்பது அவளைப் போன்ற இன்னும் ஆயிரம் பேருக்கும் உண்மையா என்பதுதான் கேள்வி. அங்கே பெயருக்கு வேலையில்லை.

நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் அவளே ஒரு கதையை எடுத்தாள். ஐயா காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், நம்மவர்கள் கடை வைத்திருந்த மலாயாவில், பெரிபெரி நோயில் ஆட்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். கால் வீங்கி, உணர்ச்சி செத்து, இதயம் நின்றுபோகும். அங்கே பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய பச்சரிசி சாப்பிடும் சீனத் தொழிலாளிகளுக்கு நோய் அதிகம். புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு அநேகமாக வருவதில்லை. 1905-இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இதைச் சோதித்தார். நோயாளிகளை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் பச்சரிசி, இன்னொரு பாதிக்கு இந்தியப் புழுங்கலரிசி. இடத்தால் வருகிற நோயோ என்ற சந்தேகம் வரக்கூடாது என்று நடுவில் அவர்கள் தங்கிய கட்டடங்களையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசிப் பக்கம் 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவரும் இறக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து ஃபிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானில் சாலை போட வந்த ஜாவாத் தொழிலாளர்களை வைத்துத் திரும்பச் செய்தார்கள். அதே முடிவு. தவிட்டோடு போகிற ஏதோ ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது என்று தெரிந்தது. அதுதான் வைட்டமின் பி1, தயமின். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ், நம் பக்கத்து நெல்லூரில் பிறந்தவர்.

எங்கள் அப்பத்தா பச்சரிசிச் சோறு 'நிற்காது' என்று பூசைக்கும் பலகாரத்துக்கும் தவிர சமைக்கமாட்டார். அவர் இந்தக் கதையைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் கவனித்தது வேறு. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லும்போது, இறந்துபோன அந்த 18 பேரில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. அண்ணன் மகளிடம் கேட்டேன். "தேவையே இல்ல சித்தப்பா. சந்தேகம்னா வேற ஊர்ல, வேற ஆள வச்சுத் திரும்பச் செஞ்சு பாத்துக்கலாம். அப்படித்தான் ஃபிரேசர் செஞ்சாரு" என்றாள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் வரலாற்றுப் பெண் கேட்டார். "அந்த விடுதியில இருந்தவங்ககிட்ட யாராச்சும் சம்மதம் கேட்டாங்களா?"

அண்ணன் மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை, அதெல்லாம் 1947 நூரம்பர்க் விதிகள், 1964 ஹெல்சிங்கி அறிக்கைக்குப் பிறகு வந்தது என்றாள். பிறகு அவளே, "இத நாங்க பாடத்துல அரிசியாத்தான் படிச்சோம்" என்றாள். அவள் சொன்னதில் இருந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு துறைக்குள் உட்கார்ந்து பார்த்தால் தெரியாத கேள்வியை இன்னொரு துறை எழுப்ப முடிகிறது என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதே கேள்வியின் இன்னொரு முகம் அமெரிக்காவில் இருக்கிறது. 1951-இல் பால்டிமோரில் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் உடலிலிருந்து, அவருக்குச் சொல்லாமலே எடுத்த செல்கள் ஆய்வகத்தில் சாகாமல் பெருகின. போலியோ தடுப்பூசிச் சோதனையிலிருந்து எத்தனையோ ஆய்வுகளுக்கு அவைதான் அடித்தளம். ஆய்வகக் குப்பியில் எழுதியது அவர் பெயரின் முதலெழுத்துகளை மட்டும், ஹீலா என்று. உலகத்துக்கு வெகுகாலம் ஹெலன் லேன் என்று வேறு பெயர் சொல்லப்பட்டது. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பெயரை மறைப்பது எப்போதும் காப்பாற்றுவது ஆகிவிடாது. சில சமயம் அதனால் காப்பாற்றப்படுவது பெயருக்குரியவர் அல்ல, எடுத்துக்கொண்டவர்.

பெயர் சொல்லக் கூடாத பாட்டு

எங்கள் பட்டாலைக் கூட்டத்தில் மூன்றாவது ஆள், பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். மேலைச்சிவபுரியில் படித்தவர். அந்த ஊர்க்காரர்களுக்கு வ.சுப. மாணிக்கனாரைப் பற்றிப் பேசாமல் ஒரு பொழுதும் போகாது. சிறுவயதில் கொண்டுவிற்க, அதாவது தொழில் பழக, ரங்கூனுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை. வருமானவரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல் என்றபோது, இருப்பவரை இல்லை என்று சொல்லமாட்டேன் என்று வேலையை இழந்து ஊர் திரும்பியவர். பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் கற்றுப் பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை போனார். பேராசிரியர் சொன்னது அந்தக் கதையை அல்ல, அவருடைய 'தமிழ்க் காதல்' ஆய்வை. சங்க அகப்பாடல்கள் 1862 என்று எண்ணி, அதில் களவு (மணத்துக்கு முந்திய காதல்) 882, கற்பு (மணத்துக்குப் பிந்தியது) 966, கைக்கிளை (ஒருதலைக் காதல்) 4, பெருந்திணை (பொருந்தாக் காதல்) 10 என்று வகைப்படுத்தினார். அகத்திணை ஏழு என்று இலக்கணம் சொல்கிறது, ஆனால் இரண்டு திணைகளுக்குச் சேர்த்தே 14 பாட்டுத்தான். ஏன் அப்படி என்று கேட்டு, அங்கிருந்து தமிழர் காதல் கொள்கையையே கட்டி எழுப்பினார். எண்ணிக்கை என்பது மருத்துவர்களுக்கு மட்டும் எழுதிவைத்ததல்ல. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஒவ்வொரு பாட்டையும் இது களவா கற்பா என்று படித்துத் தீர்மானிக்கிற செவி இருக்கிறது. அதை 'இருப்பதை எடுத்து அடுக்குவது' என்று சொல்பவர், நாலு பாட்டை எடுத்து வகைப்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

விலாசச் சண்டையைக் கேட்ட பேராசிரியர், தொல்காப்பியத்திலிருந்து ஒரு வரியைச் சொன்னார். "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." அகப்பாட்டில் வருகிற தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் இருக்கக் கூடாது. பெயர் வந்துவிட்டால் அது அகம் அல்ல. நெடுநல்வாடையில் பெயர்கூட இல்லை, வேலில் கட்டிய வேப்பந்தார் என்று ஒரு அடையாளம் வந்துவிட்டது, அது பாண்டியனைக் காட்டிக்கொடுக்கிறது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைப் புறத்தில் வைத்தார். மருத்துவமும் பெயரை எடுக்கிறது, அகமும் எடுக்கிறது. ஆனால் எடுக்கிற காரணம் ஒன்றல்ல. ஆய்வில் பெயர் போனால் அந்தப் பெண் ஓர் எண்ணாகி மற்றவர்களோடு சேர்ந்துகொள்கிறாள். அகத்தில் பெயர் போனால், படிக்கிறவள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். புருஷன் கடல் கடந்து போய் மூன்று வருஷத் தவணை முடியாமல் வராத செட்டிநாட்டு ஆச்சிகள் எத்தனை பேர் பிரிவைப் பாடும் பாலைப் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கக் கூடும் என்று பேராசிரியர் சொன்னபோது, வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வரலாற்றுப் பெண் விடவில்லை. பெயரில்லாத அகப்பாட்டிலிருந்துதானே எங்களுக்கு முசிறி கிடைத்தது என்றார். அகநானூறு 149-ஆம் பாட்டு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் துறைமுகம். தலைவன் தன் நெஞ்சுக்குச் சொல்வது, அவ்வளவு செல்வம் கிடைத்தாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்பது. காதலுக்காகப் போட்ட வரியில் வணிக வரலாறு உட்கார்ந்திருக்கிறது. அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். அன்று அங்கே இருந்த எல்லாரையும் கட்டிப்போட்டது அதுதான். அந்த முசிறியைக் குறிப்பிடுகிற ஒரு பாப்பிரஸ் சுவடி வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு, கிரேக்க மொழி. 1985-இல்தான் அச்சில் வந்தது. அது என்ன சுவடி தெரியுமா? கடன் பத்திரம். கடல் வணிகத்துக்குக் கொடுத்த கடன், திருப்பிக் கட்டாவிட்டால் அடமானச் சரக்கு யாருக்கு என்ற ஷரத்து. கப்பலின் பெயர் இருக்கிறது, ஹெர்மாபொலோன். கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் சுவடியில் அழிந்துவிட்டன. இன்று வரை அறிஞர்கள் அந்த இருவரும் யார், எங்கே உட்கார்ந்து கையெழுத்திட்டார்கள் என்று வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்த ரெண்டு பேர் பேருக்காக நாங்க எதையும் கொடுப்போம் ஐயா" என்று அவர் பெரியப்பாவைப் பார்த்துச் சொன்னார். "இங்க ரெண்டு பேரும் இருக்கு. ஒண்ண எழுதுங்க, ஒண்ண விட்ருங்கங்கிறீங்க."

யாருடைய பெயரை விடுவது

அவர் சொன்னதில்தான் எனக்குக் கணக்கு நேரானது. பெரியப்பா விடச் சொன்னது எங்கள் விலாசத்தை. அந்தப் பர்மாக்காரரின் பெயரைப் போடுவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அது அவர் கவனத்துக்கே வரவில்லை. நிலத்தை இழந்தவர் பெயர் அச்சில் வரலாம், எடுத்துக்கொண்டவர் எழுத்துகள் வரக் கூடாது என்றால், அந்த வரலாறு யாருக்கு என்ன சொல்லும்?

மருத்துவத்தில் பெயர் தேவையில்லாததற்குக் காரணம் அது திரும்ப நடக்கக்கூடியது என்பதுதான். கோலாலம்பூரில் சந்தேகம் என்றால் நெகிரி செம்பிலானில் பார்க்கலாம். அகப்பாட்டில் வருவது படிக்கிற ஒவ்வொருவருக்கும் புதிதாக நடக்கிறது. ஆனால் ஆங்கீரச வருஷம் பங்குனியில் அந்த ஊரில் அந்த நிலம் கைமாறியது ஒரே ஒரு தடவைதான். அதைத் திரும்பச் செய்து பார்க்க யாராலும் முடியாது. அது உண்மையா என்று சரிபார்க்க உள்ள ஒரே வழி, எந்த வீட்டில், எந்தப் பெட்டியில், யாருடைய பேரேட்டில் இருக்கிறது என்ற விவரம். பெயரைப் பிடுங்கினால் வரலாற்றின் கையிலிருந்து அதன் சோதனையையே பிடுங்கியதாகிவிடும். பந்தியில் உறவினர் சொன்னதற்கு அன்று எனக்குச் சொல்லத் தெரியாத பதில் இதுதான். மூன்றும் கறாராகத்தான் நடக்கின்றன. ஒவ்வொன்றும் எதைக் கையில் பிடித்துக்கொண்டு தன்னைச் சரிபார்க்கிறது என்பதில்தான் வித்தியாசம். மருத்துவத்தின் அளவுகோலைக் கொண்டுவந்து வரலாற்றை அளந்தால், விலாசத்தை எடுத்துவிட்டு நம்பர் போடச் சொல்வோம். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வோம். ஒரு பக்கம் மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

பெரியப்பாவுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். அவர் கேட்டது அர்த்தமில்லாத கேள்வி அல்ல. "நாங்க நெலத்துக்காகவா போனோம்? பணத்தக் கொடுத்தோம், நெல்லு வெல விழுந்துச்சு, நெலம் தலையில விழுந்துச்சு. வெள்ளக்காரப் பேங்க்ல நாங்களும்தான் கடன் வாங்கியிருந்தோம். அந்தக் கடனுக்கு வட்டி கட்டணும்ல?" இது உண்மை. நம்மவர்கள் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி இம்பீரியல் வங்கியிலும் ஆங்கிலேய வங்கிகளிலும் வாங்கியது. இன்னொரு பகுதி ஊரில் உள்ள விதவைகளும் கோயில்களும் தவணைக்குப் போட்டு வைத்தது. கீழ்ப் பர்மாவைக் காடு திருத்தி நெல் வயலாக்கியதில் அந்தக் கடனுக்குப் பங்கு உண்டு. 1942-இல் ஓடிவந்ததும், 1948-இல் நில தேசியமயச் சட்டம் வந்ததும், 1962-இல் நெ வின் ஆட்சிக்கு வந்த பிறகு மிச்சமிருந்தவர்களும் கிளம்ப நேர்ந்ததும் எல்லாம் நடந்தவை. இவையும் ஆய்வேட்டில் வரவேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதற்கும் விலாசம் வேண்டும் என்றார். விலாசம் இருந்தால்தான், இந்தக் கடை எந்த வங்கியில் எவ்வளவு வாங்கியிருந்தது என்று பக்கத்திலேயே காட்ட முடியும். எங்கள் பக்கத்து நியாயம் எழுதப்படுவதற்கும் அந்த எழுத்துகள்தான் வழி. பெரியப்பா அதைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனார். பங்காளிகளிடம் பேசினார். கடைசியில் எழுதிக் கொடுத்தார், தன் கையெழுத்தில், விலாசத்தோடு. ஒரு பங்காளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய புள்ளிக்கு (குடும்பத்துக்கு) சேர்ந்த பெட்டி பூட்டியபடியே இருக்கிறது, அதை நாங்கள் திறக்கப்போவதும் இல்லை.

அந்தப் பர்மாக்காரரின் பெயரை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அதைக் கண்டெடுத்தது அந்தப் பெண்ணின் உழைப்பு. முதலில் அவருடைய ஆய்வேட்டில் வரட்டும். இரண்டு பெயரும் சேர்ந்து வரும்.

செட்டிநாட்டில் இப்போது வீடுகள் பிரிக்கப்படுகிற வேகம் எல்லாருக்கும் தெரியும். தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கின்றன, அவற்றைத் தேடி எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது. காகிதத்தைத் தேடி யாரும் வருவதில்லை. பேரேடு, சம்பளச் சீட்டு, முறைச்சிட்டை, வைத்தியக் குறிப்பு, ஆச்சிகள் எழுதிய கடிதம் எல்லாம் எடைக்குப் போகின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒரு மனிதர் இருந்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சித்த வைத்தியச் சிறு நூல் என்று மற்றவர்கள் தூக்கி எறிந்ததை எல்லாம் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அது தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் 1994-இல் சென்னையில் நூலகமாக்கியது. இன்று இலக்கிய ஆய்வாளரும் மருத்துவ வரலாறு எழுதுபவரும் ஒரே அலமாரிக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர் சேர்க்கும்போது எந்தத் துறைக்கு என்று பிரித்துச் சேர்க்கவில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். பேரேடுகளை ஒன்றிரண்டாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். அடுத்த வருஷப் பேரேடு பக்கத்தில் இல்லையென்றால் குத்தகைப் பட்டியலில் அந்தப் பெயரை நாங்கள் பார்த்திருக்கவே முடியாது. எந்த அறையில், எந்தப் பெட்டியில் இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றாட வையுங்கள். ஆய்வாளருக்குக் கொடுக்கும்போது எதைக் கொடுத்தோம், எதை அச்சிடச் சம்மதித்தோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் மகள் தன்னுடைய ஒப்புதல் படிவத்தை மாற்றி எங்கள் பேரேடுகளுக்கு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறாள், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். எங்கள் பெட்டியில் ஆங்கீரசவும் ஸ்ரீமுகவும் ஸ்கேன் ஆகிவிட்டன. அதற்கு முந்திய பிரமோதூத, பிரசோற்பத்தி ஆண்டுகளின் பேரேடுகளைக் காணோம். விலை விழத் தொடங்கிய வருஷங்கள் அவைதான், அந்தக் கடன் எப்படி ஏறியது என்பது அவற்றில்தான் இருக்கும். மாடியறைப் பரணில் இன்னும் இரண்டு பெட்டிகள் இருப்பதாகப் பெரியப்பா சொல்கிறார். தை பிறந்ததும் இறக்குகிறோம்.